ஐந்தாம் இலக்கம்

பதினெட்டுப் பெயர் வேண்டும்.
பாமசியின் பழைய விலைச்சிட்டைப் பின்பக்கத்தில்
கோடிழுத்து வைத்திருக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து நாள்.

ஒன்று, சகாயராணி. கோல் காப்பவள்.
கால்கவசம் கழகத்துடையது,
அதை விட்டு எங்கே போவாள் என்கிறார்கள்.
காரணம் அதுவல்ல.
உக்குவளையில் அவளுக்கொரு காதல்,
அவனுக்கொரு முச்சக்கர வண்டி,
அதனால்தான் அடைமழையிலும்
ஆறு மணிப் பயிற்சிக்கு வந்து இறங்குகிறாள்.
அவர்கள் சண்டை பிடித்தால்
என்னிடம் இரண்டாவது ஆள் இல்லை.

ருஸ்னா, இடது ஓரம்.
நோன்பு மாதத்தில் எத்தனை போட்டி என்று
எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பாள்.
நானும் எண்ணி வைத்திருக்கிறேன்: இரண்டு.
நிலூகாவைப் பொலிஸ் அணி கேட்கிறது.
சீருடை, ஓய்வூதியம்,
முழங்கால் போனாலும் ஒரு மேசை வேலை.
நான் கொடுப்பது
பயிற்சி முடிந்ததும் ஒரு பணிஸ், ஒரு பிளேன்டீ.

ஐந்தாவது, யோகவதனி.
எல்கடுவைத் தோட்டம். நடுக்களம்.
பந்து அவள் மட்டையில் நிற்கும்போது
மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.
பயிற்சி நாளில் மலையிலிருந்து முன்னதாக இறங்குவாள்;
கிலோ குறையும்,
செக்ரோலில் அரைப்பேர் விழும்.
என் தாளில் மட்டும் அவளுக்கு முழுப்பேர்.

லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது.
கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போய்
அங்கேயே வாரக்கணக்கில் கிடக்கும்.
இராணுவ அணி அவளை அழைத்தது ஒருமுறை;
கடிதம் கைக்கு வந்தபோது
தெரிவு முடிந்து பதினொரு நாள்.
அந்தக் கிளாக்கரை ஆபீஸ் வாசலில் நின்று
நான் திட்டிய திட்டு மூன்று டிவிஷனுக்கும் கேட்டது.
அதற்குப் பிறகு சொன்னேன்,
என் கடை விலாசத்தைக் கொடுங்கடி எல்லாரும்:
திருகோணமலை வீதி, மாத்தளை.

இப்போது ஏழு பெண்களின் தபால்
இருமல் மருந்துப் போத்தல்களுக்கு நடுவே வந்து சேர்கிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு நீளமான உறை.
கொழும்புக் கம்பனியின் முத்திரை.
பிரிக்கவில்லை. பிரிக்கத் தேவையில்லை.
போன வருடம் இதே உறை தயாளினிக்கு வந்தது;
இப்போது நீலத் தரையில் நின்று படம் அனுப்புகிறாள்,
விடுதியில் தனிக் கட்டில், தனி அலுமாரி என்று
அலுமாரியையும் ஒரு படம்.

உறையை லாச்சியில் வைத்தேன்,
பஞ்சுக் கட்டுக்கு அடியில்.
ஒரு வீராங்கனை, ஒரு கழகம், ஒரு பருவம்.
ஞாயிறு கடந்துவிட்டால்
அந்த உறை வெறும் உறை.

புதன் போனது.
வியாழன், காலில் மட்டை பட்ட பையன் ஒருவனுக்குப்
பஞ்சு எடுக்க லாச்சியைத் திறந்தேன்.
கிளாக்கரின் முகம் ஞாபகம் வந்தது.
அவன்கூட மறைத்து வைக்கவில்லை,
சும்மா மறந்திருந்தான்.

வெள்ளி மாலை மைதானத்தில் கொடுத்தேன்.
அவள் உறையைப் பிரிக்கவில்லை,
முதலில் தபால் முத்திரையைப் பார்த்தாள்.
தேதி தெளிவாகத்தான் விழுந்திருந்தது.
நான் கோல் கம்பத்தின் வலையை
இல்லாத கிழிசலுக்காகத் தடவிக்கொண்டிருந்தேன்.

"நான் போனா
பெனால்டி கோனருக்கு யாரப் போடுவீங்க?"

தெரியவில்லை என்றேன்.
அந்த வாரத்தில் நான் சொன்ன
முதல் நேரான வார்த்தை அது.
உறையை மடித்துக் காலுறைக்குள்,
முழந்தாள் தட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டு
ஓடினாள்.
அன்று மூன்று கோல் போட்டாள்.
ஒவ்வொன்றுக்கும் என் பக்கம் திரும்பினாளா இல்லையா
என்று என்னால் சொல்ல முடியாது.

இன்று சனி, இரவு.
பதினேழு பெயர் பேனாவில்.
ஐந்தாவது இன்னும் பென்சிலில்.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
நான் கேட்கப் போவதுமில்லை;
கேட்டால், எவ்வளவு தருவீர்கள் என்று
அவளும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஐந்தாம் இலக்க ஜேர்சியைத் துவைத்துக்
கடையின் பின்கட்டில் போட்டிருக்கிறேன்.
இந்த மாதத்து மழைக்கு
மாத்தளையில் எதுவும் விடியுமுன் காய்வதில்லை.